அதான் தொடச்சிட்டேனே!

பையன் ஹாலில் பாலைக் கொட்டிவிடுகிறான். நீங்கள் முறைப்பதற்குள் துணி எடுத்துத் துடைத்துவிட்டு, ‘அதான் தொடச்சிட்டேனே!’ என்கிறான். மன்னித்துவிடுவீர்கள். தினமும் கொட்டி, தினமும் துடைத்தால்? துடைக்கத் தெரிந்தவனுக்குக் கொட்ட உரிமை உண்டா?

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளை பெயின்ட்டிலும் சன்ஸ்க்ரீனிலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்று ஒரு வெண்பொடி இருக்கிறது. பார்க்க சாது. தண்ணீரில் போட்டுப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் ரௌத்திரம் வந்துவிடும். இந்தப் பொருளின் மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிளவுபடும் என்று 1972-ல் அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா என்ற ஜப்பானியர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே அழுக்குத் தண்ணீரில் முயன்றார்கள். ஒளி பட்ட பொடி, ஹைட்ராக்ஸில் ராடிகல் என்ற முரட்டுத் துணுக்குகளை உண்டாக்குகிறது. அவை எதிர்ப்படுகிற களைக்கொல்லியைக் கடித்துக் குதறுகின்றன.

அட்ரசினை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லி. நம்ம ஊர் சோளக்காட்டிலும் அடிக்கிறார்கள். மழை பெய்தால் ஓடைக்கும் ஏரிக்கும் போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்கிறது அமெரிக்கா. ஐரோப்பிய யூனியனில் 0.1 தான். நிலத்தடி நீர் அதைத் தாண்டியதால் 2004-ல் அட்ரசினுக்கே விடை கொடுத்துவிட்டார்கள். அதே மருந்து, அதே மனித வயிறு. கடலைத் தாண்டினால் 30 மடங்கு வித்தியாசம்!

அமெரிக்காவில் பல ஊர்கள் சொந்தச் செலவில் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டு, வழக்குப் போட்டன. 2012-ல் தயாரிப்பாளரான சின்ஜென்டா, தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே, 10.5 கோடி டாலர் கொடுத்து சமாதானமாகப் போனது. கொட்டியது ஒருவர், துடைத்தது இன்னொருவர்.

‘ஒளி வைத்தியம் வந்தபின் என்ன கவலை?’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெண்பொடி அட்ரசினை முழுசாகத் தின்பதில்லை. கைகால்களை வெட்டிவிட்டு நடு வளையத்தை விட்டுவிடுகிறது. மிஞ்சுவது சயனூரிக் அமிலம். அட்ரசின் அளவுக்குப் பொல்லாதது இல்லை. ஆனாலும் மிச்சம் மிச்சம்தான். தவிர, வெயிலில் புற ஊதா ஒளி கொஞ்சம்தான். விளக்கு வைத்தால் கரண்ட் பில். எல்லாம் செய்தாலும் சுத்தமாவது குழாய்த் தண்ணீர். ஓடைத் தவளைக்கு யார் குழாய் போட்டார்கள்?

உடனே விவசாயியை வில்லனாக்கிவிடாதீர்கள். நாளெல்லாம் குனிந்து களை பறிக்கிற பெண்ணின் இடுப்பு வலியும் இந்தக் கணக்கில் வரவேண்டும். சோளம் தின்கிற கோழியை மலிவாக வாங்குகிற நீங்களும் நானும்கூட வருகிறோம். டம்ளரில் நம் கைரேகையும் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: ஏற்கெனவே கலந்துவிட்டதை ஒளியால் சுத்தம் செய்யட்டும். அது பழைய கடனை அடைப்பது. அதைக் காட்டிப் புதுக்கடன் வாங்கக் கூடாது. ஒரு மருந்தைத் தெளிக்கும் முன்பே, அதை யார் துடைப்பார்கள், யார் காசில் துடைப்பார்கள் என்று கேட்டுவிட வேண்டும். பதில் ‘குடிக்கிறவன்’ என்றால், கணக்கில் எங்கோ மோசடி.

பையனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘தொடச்சது சமத்துடா கண்ணா. நாளைக்கு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடி.’