வேதத்தில் இல்லாத வேதவாக்கு

தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குத்தான் கடவுள் உதவுவார். இது பைபிள் வசனம் என்றே அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நம்புவதைப் பார்னா நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் காட்டின. ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் அது கிடைக்காது.

ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதை ஒன்றில், சேற்றில் வண்டி சிக்கியவன் ஹெர்குலிஸைக் கூவி அழைக்கிறான். முதலில் சக்கரத்துக்குத் தோள் கொடு என்று பதில் வருகிறது. கருத்தின் வேர் அங்கே இருக்கிறது. இன்று வழங்கும் வடிவம், இங்கிலாந்தின் குடியரசுவாதி அல்ஜெர்னான் சிட்னியின் நூலில் காணப்படுகிறது. 1683இல் மரண தண்டனைக்கு ஆளான அவருடைய நூல், 1698இல்தான் அச்சேறியது. 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த வாசகத்தைத் தம் பஞ்சாங்கத்தில் சேர்த்தார். 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் தம் சுயமுன்னேற்ற நூலை அதை வைத்தே தொடங்கினார்.

உழைக்கத் தூண்டும் வாசகம் என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கடவுளின் வாக்காக்கிவிட்டால், விழுந்தவனைத் தாண்டிப் போக அவரையே சாட்சிக்கு இழுத்தவர்களாகிறோம். பைபிள் சொல்வதோ நேர் எதிரானது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்கிறது லேவியராகமம். கணவனை இழந்த ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கிப் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான். யோவான் எழுதிய சுவிசேஷத்தில், 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவன் பெதஸ்தா குளக்கரையில் கிடக்கிறான். குளத்தில் தன்னை இறக்கிவிட ஆளில்லை என்பதுதான் அவன் முறையீடு. தனக்குத் தானே உதவ முடியாத அவனிடம்தான் இயேசு போய் நிற்கிறார்.

துக்க வீட்டில் சொல்லப்படும் இன்னொரு வாசகம் இதைவிட வலிக்கிறது. தாங்க முடியாத பாரத்தைக் கர்த்தர் தரமாட்டார் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் அதைச் சொல்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் உடைந்துபோனால் அது தன் விசுவாசக் குறைவு என்று அவளை அது எண்ண வைக்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்திலிருந்து திரிந்து வந்த வாசகம் இது. அங்கே பேச்சு விக்கிரக வழிபாட்டுக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. சாவையோ இழப்பையோ பற்றியது அல்ல.

அதே பவுல், அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தமக்கு நேர்ந்த துன்பம் தம் பலத்துக்கு மீறியிருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் மறைக்காமல் எழுதுகிறார். அந்தத் தாயிடம் எதையாவது வாசித்துத்தான் ஆகவேண்டும் என்றால், வாசிக்க வேண்டிய பக்கம் அதுதான்.