தேரியில் எடுத்த கல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குக் காரில் போகிறவர்கள் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். சென்ற ஆடி மாதம் நானும் என் தூத்துக்குடி நண்பரும் அப்படித் திரும்பாமல், காயாமொழிப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் குதிரைமொழித் தேரிக்குள் நடந்தோம். காலையில் முள்ளக்காட்டு உப்பளங்களின் வெண்மையைப் பார்த்து வந்த கண்ணுக்கு அந்தச் செம்மணல் மேடுகள் வேறொரு தேசமாகத் தோன்றின. மணலின் மேல் இரும்புத் துரு படிந்ததால் வந்த சிவப்பு அது. பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது. பனையும் உடைமரமும் முந்திரியும் இருக்கின்றன. ஆனால் நடந்து பாருங்கள், ஓரடி முன்னே வைத்தால் அரையடி பின்னே இழுக்கும்.

காற்று மணலை வாரிக்கொண்டு போய், அடித்தரை தெரிந்த ஓரிடத்தில் அதைக் கண்டேன். நகக்கண் அளவு வெள்ளைக் கல். ஓரம் தட்டித் தட்டிக் கூராக்கப்பட்டிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் வேட்டையாடியவர்களின் கைவேலை. ஸாய்னர், ஆல்சின் என்ற இருவர் 1956இல் இத்தேரிக் கற்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவ்வழியே வந்த பனையேறிப் பெரியவர், "என்ன அண்ணாச்சி, காசு கீசு விழுந்துட்டோ?" என்றார்.

"ஒன்றுமில்லை, ஒரு கல்."

"கல்லுதானே!" என்று போய்விட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

யாருக்கும் நஷ்டமில்லாத திருட்டு, திருட்டாகுமா? செய்தவன் மண்ணாகிவிட்டான். கேட்பாரில்லை. ஆனால் ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டியெடுத்த பொருள்களை ஜாகோர் என்ற ஜெர்மானியர் பெர்லினுக்குக் கொண்டுபோனதைப் பற்றி மேடையில் கொதித்துப் பேசியவன் நான். அவர் பெர்லினுக்கு எடுத்துப் போனார். நான் என் எழுதுமேஜைக்கு. அவருடையதாவது ஆதிச்சநல்லூர்ப் பொருள் என்று உலகத்துக்குத் தெரியும்!

நண்பர் விடவில்லை. "எங்கள் கடலில் முத்து எடுக்கவில்லையா?" என்றார். எடுத்தார்கள். ஆனால் முதலில் பாரைச் சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றவில்லையென்றால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சிப்பியாவது மறுபடி விளையலாம். இந்தக் கல்லைத் தட்டியவன் மறுபடி வந்து தட்டப் போவதில்லை.

மறுநாள் காலையிலேயே தேரிக்குப் போனேன். ராத்திரி அடித்த காற்றில் எங்கள் காலடிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நேற்றைய மேடு இன்று அங்கே இருந்ததா என்பதே சந்தேகம். கண்ட இடத்தில் வைத்தால், பின்னால் வந்து ஆராய்கிறவனுக்கு அது பொய் சொல்லும். இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டு, பையிலிருந்ததைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடலாமே என்கிறார் நண்பர். கொடுக்கலாம். எந்த இடத்தில் கிடந்தது என்று முதலில் கேட்பார்களே!