ஓட்டக்காரரும் அயல் தெய்வமும்

பண்டைய கிரேக்கத்தில் ஓட்டப்பந்தயம் வழிபாட்டுக்குள் அடங்கிய செயல். ஒலிம்பியாவில் ஓடியவர்கள் சீயஸ் தெய்வத்தின் திருவிழாவில் ஓடினார்கள். களத்தில் இறங்குமுன் காட்டுப்பன்றியின் இறைச்சித் துண்டுகளின் மேல் சத்தியம் செய்தார்கள். வென்றவர் தலையில் காட்டு ஒலிவக் கிளையால் கட்டிய முடி ஏறியது. எனவே அங்கே யார் ஓடலாம் என்பது சமயம் சார்ந்த கேள்வியாக இருந்தது. மாசிடோனிய அரசர் முதலாம் அலெக்சாந்தர் ஓட வந்தபோது, அயலாருக்கு இங்கே இடமில்லை என்று மற்றப் போட்டியாளர்கள் தடுத்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தம் குலம் கிரேக்க நகரமான ஆர்கோஸிலிருந்து வந்தது என்று மெய்ப்பித்த பிறகே அவரால் ஓட முடிந்தது.

அந்தத் தடை இன்று இல்லை. ஏதென்ஸ் மாரத்தானிலும், ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா வரை 246 கி.மீ. நீளும் ஸ்பார்டத்லானிலும் பல நாட்டவர் ஓடுகிறார்கள். ஆனால் அலெக்சாந்தரை மறித்தவர்களின் கேள்வி அப்படியே நிற்கிறது. தமக்குரியதல்லாத ஒரு மரபின் பாதையில் ஓடுகிறவர் அந்த மரபில் பங்கு பெறுகிறாரா, மேலோட்டமாகத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாரா?

பண்டைத் தத்துவஞானிகளிடம் இதற்குச் சாதகமான பதில் எளிதில் கிடைக்காது. திருவிழாவுக்கு வருபவர்கள் மூன்று வகை என்று பித்தாகரஸ் கூறியதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ பதிவு செய்திருக்கிறார்: புகழுக்காகப் போட்டியிட வருபவர்கள், விற்க வாங்க வருபவர்கள், வெறுமனே பார்க்க வருபவர்கள். இவர்களில் உயர்ந்தவர் பார்க்க வந்தவரே, தத்துவஞானியும் அவரைப் போன்றவரே என்பது பித்தாகரஸின் முடிவு. சாக்ரட்டீஸ் பயணத்தையே நாடவில்லை. போர்க் கடமை தவிர, விழாவுக்கென்று அவர் ஏதென்ஸை விட்டுப் போனது ஒரே ஒரு முறை, இஸ்துமஸ் விளையாட்டுகளுக்குத்தான் என்று பிளேட்டோவின் ‘கிரைட்டோ’ உரையாடல் சொல்கிறது. ரோமானிய அறிஞர் செனக்கா இன்னும் கடுமையானவர். இடம் மாறுவதால் மனம் மாறாது, பயணி தன்னையும் உடன் சுமந்தே போகிறான் என்பது அவர் வாதம். ஓடும் உடலால் ஏதேனும் அறிய முடியும் என்பதை இந்த மூவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் விட்ட இடத்தை ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி நிரப்புகிறது.

கி.மு. 490இல் பாரசீகப் படை மாரத்தான் சமவெளியில் இறங்கியபோது, உதவி கேட்க ஏதென்ஸ் ஒரு தூதரை ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பியது. பிலிப்பிடீஸ் என்றும் பைடிப்பிடீஸ் என்றும் அவர் பெயர் வழங்குகிறது. புறப்பட்ட மறுநாளே அவர் ஸ்பார்ட்டாவை அடைந்தார். முழுநிலவுக்கு முன் படை கிளம்புவது தங்கள் வழக்கத்துக்கு விரோதம் என்று ஸ்பார்ட்டர்கள் கையை விரித்தார்கள். ஆனால் தெகேயா நகருக்கு மேலுள்ள பார்த்தேனியோன் மலையில் அவருக்கு வேறொன்று நேர்ந்திருந்தது. பான் தெய்வம் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஏதென்ஸ் மக்கள்மேல் தனக்கு அன்பு இருந்தும் அவர்கள் ஏன் தன்னைக் கண்டுகொள்வதில்லை என்று கேட்டதாம். பான் ஆர்க்காடிய மலைநாட்டு மேய்ப்பர்களின் தெய்வம். ஏதென்ஸ்காரருக்கு அது அயலார் தெய்வம். போர் முடிந்தபின் ஏதென்ஸ் அந்தச் செய்தியை நம்பியது. அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் பானுக்கு ஒரு கோயில் அமைத்து, ஆண்டுதோறும் பலியும் தீப்பந்த ஓட்டமும் நடத்தியது. பிற மண்ணில் ஓடிய ஒருவர் வழியாக அந்த மண்ணின் தெய்வம் ஒரு நகருக்குள் வந்தது.

களைப்பின் உச்சத்தில் எழுந்த மயக்கம் அது என்று சொல்லிவிடலாம். ஸ்பார்டத்லான் ஓட்டக்காரர்கள் அதே மலையில் சுமார் 160 கி.மீ. ஓடிய பிறகு, பெரும்பாலும் இரவில், கரடுமுரடான பாறைச் சரிவில் ஏறுகிறார்கள். நெடுந்தொலைவு ஓட்டங்களில் தூக்கமின்மையால் இல்லாத உருவங்கள் தெரிவது பலருக்கும் அனுபவம். ஆனால் காரணத்தைச் சொல்வதால் பொருள் தீர்ந்துவிடுவதில்லை. 1902இல் வெளியான சமய அனுபவங்கள் பற்றிய நூலில் அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் இதை உறுதியாக வாதிட்டார். ஓர் அனுபவம் உடலின் எந்த நிலையில் பிறந்தது என்பது அதன் மதிப்பைத் தீர்மானிக்காது. அது வாழ்வில் என்ன விளைவித்தது என்றே பார்க்க வேண்டும். இந்த அளவுகோலின்படி பார்த்தேனியோன் மலை நிகழ்ச்சி கனமானது. தாங்கள் புறக்கணித்திருந்த அயலாரின் தெய்வத்துக்கு ஒரு நகரத்தார் கடன்பட்டதாக உணர்ந்தார்கள்.

சமயத்தின் பக்கமிருந்தும் ஒரு மறுப்பு வரலாம். ஸ்பார்டத்லான் முடியும் இடம் ஸ்பார்ட்டாவிலுள்ள, அந்நகரின் பண்டைய அரசர் லியோனிடஸின் சிலை. ஓடி முடித்தவர்கள் அதன் பாதத்தைத் தொடுகிறார்கள், சிலர் முத்தமிடுகிறார்கள். அவர்களுக்கு ஒலிவ முடி சூட்டி, யூரோட்டஸ் ஆற்று நீர் தருகிறார்கள். இது வழிபாடா? லியோனிடஸுக்கும் பிலிப்பிடீஸின் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை. லியோனிடஸ் தெர்மோபைலே போரில் இறந்தது அந்த ஓட்டத்துக்குப் பத்தாண்டு கழித்து. இன்றைய கிரேக்கர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஓட்டப் பாதையில் வரும் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில்தான் திருத்தூதர் பவுல், ஓட்டக்காரர்கள் அழியும் முடிக்காகப் பாடுபடுவதையும் விசுவாசிகள் அழியா முடிக்காகப் பாடுபடுவதையும் ஒப்பிட்டார். இஸ்துமஸ் விளையாட்டுகள் நடந்தது அந்நகரின் அருகில்தான். பழைய தெய்வத்தை உள்ளூரிலேயே அநேகமாக யாரும் வணங்காதபோது, வெளிநாட்டவர் செய்யும் சடங்கு வெறும் நடிப்பல்லவா என்பது நியாயமான ஐயம்.

வருபவரை யாத்திரிகர் என்றோ சுற்றுலாப் பயணி என்றோ மட்டும் பார்ப்பதால் இந்த ஐயம் பெரிதாகத் தெரிகிறது. கிரேக்க மரபிலேயே மூன்றாவது ஓர் இடம் உண்டு. வழிப்போக்கரையும் விருந்தாளியையும் காப்பவர் சீயஸ் என்று அம்மரபு நம்பியது. விருந்தாளி வீட்டாரின் நம்பிக்கையை ஏற்க வேண்டியதில்லை. வீட்டின் ஒழுங்குக்கு உட்பட்டால் போதும். அயல்நாட்டு ஓட்டக்காரர் அப்படித்தான் உட்படுகிறார். அந்த நாட்டின் வெயிலும் மேடும், குறித்த நேரத்துக்குள் வராதவரை விலக்கும் விதியும் அவருக்கும் பொருந்தும். ஸ்பார்டத்லானுக்கு 36 மணி நேரமே கெடு. பேருந்துச் சன்னல் வழியாகப் பார்ப்பவர் விரும்பாததைத் தவிர்க்கலாம். ஓடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. வழியோரக் கிராமத்தில் ஒரு குழந்தை கையெழுத்துக்காக நோட்டை நீட்டும்போதும், மாரத்தான் பாதையில் ஊரார் ஒலிவக் கிளையை நீட்டும்போதும் வந்தவர் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார். பண்பாட்டில் பங்கு பெறுவது என்பது பெரும்பகுதி இந்த நிலைதான். நடுநிலையான பார்வையாளர் என்று பித்தாகரஸ் உயர்த்தியவருக்கு இது கிடைப்பதில்லை.

அந்த மரபு எவ்வளவு தொன்மையானது என்பது வேறு கேள்வி. 1896இல் முதல் மாரத்தான் ஓட்டத்தை முன்மொழிந்தவர் மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். அதற்கு அடிப்படையான, மாரத்தான் போரின் வெற்றிச் செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு உயிர்விட்ட தூதரின் கதை ஹெரோடோட்டஸிடம் இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய எழுத்தாளர்களிடமே வருகிறது. ஸ்பார்டத்லானின் தொடக்கமும் வெளியாரிடம்தான். ஹெரோடோட்டஸ் சொன்னது மனிதரால் ஆகுமா என்று பார்க்க 1982இல் ஜான் ஃபோடன் என்ற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி சக வீரர்களோடு ஏதென்ஸிலிருந்து ஓடினார். மூவர் 40 மணி நேரத்துக்குள் ஸ்பார்ட்டாவை அடைந்தனர். இதனால் அந்த ஓட்டங்கள் போலியாகிவிடவில்லை. ஒலிம்பியாவில் பிறப்பே தகுதியாக இருந்தது. இங்கே, கிரேக்கர் மறந்திருந்த ஒரு பாதையை அயலார் ஓடிக் காட்ட, 1983இல் தொடங்கிய ஆண்டு ஓட்டத்தை இன்று கிரேக்கர்களே நடத்துகிறார்கள்.