ரிப்போர்ட்டில் வராத வலி

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் பல காலமாகப் படித்து வருபவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், வாழ்க்கையில் வெறுப்படைந்து... என்று போகும் அந்த வரி. நாலு வரியில் ஒரு உயிர் முடிந்துவிடும். போலீசாரிடம் குடும்பத்தார் சொல்லும் காரணம் அது. அப்படிச் சொன்னால் விசாரணை வளராது, ஊர் வாய் அடங்கும், வீட்டில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு வரன் பார்ப்பதில் சிக்கல் வராது. சில பேருக்கு உண்மையிலேயே வயிற்றில் நோய் இருந்திருக்கும். அது இல்லாத இடத்திலும் அந்தக் குடும்பம் முழுப் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றுவதில்லை. வலி இருந்தது. இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள்.

என் நெருங்கிய தோழி ஒருத்தி கடும் மனச்சோர்வில் சாவின் விளிம்புவரை போய் மீண்டவள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். முதுகு வலி, பிடரி வலி, நெஞ்சில் பாரம் என்றுதான் முதலில் டாக்டரிடம் போனாள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஈ.சி.ஜி., கடைசியில் ஸ்கேன். எல்லாம் நார்மல். அன்று சாயங்காலம் வீடே நிம்மதியாக இருந்ததாம். "அன்னிக்குத்தான்டி நான் ரொம்ப பயந்துட்டேன்" என்றாள். "இவ்வளவு வலிக்குது, ஆனா எங்கயுமே ஒண்ணும் இல்லைங்கறாங்க. அப்ப இதுக்கு மருந்தே கிடையாதுன்னுதானே அர்த்தம்?" கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சாகணும்னு எனக்கு ஆசையே இல்ல. இது நிக்கணும். அவ்வளவுதான் வேணும்னு இருந்துச்சு."

அவள் சொன்னதை ஒருவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன். 1949-இல், லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றியபோது, வேறு வேலையாக மரண விசாரணை அலுவலகத்தின் கோப்புகளைப் புரட்டப் போனார். தற்கொலை செய்துகொண்டவர்கள் எழுதிவைத்த கடிதங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவருடைய பிற்கால வாழ்க்கையை அந்தக் கோப்புகள்தான் தீர்மானித்தன. 1958-இல் நண்பர்களோடு சேர்ந்து அந்நகரிலேயே தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கினார். 1993-இல் தன் முடிவைச் சுருக்கமாகச் சொன்னார்: தற்கொலையின் வேர், தாங்க முடியாத மனவலி. அன்பு, மதிப்பு, ஓரிடத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை ஆகியவற்றில் அந்த மனிதருக்கு எது உயிர்நாடியோ அது மறுக்கப்படும்போது எழும் வலி. ஒருவர் தாங்கும் வலியை இன்னொருவரால் தாங்க முடியாது. அதனால் "இதுக்கெல்லாமா?" என்று வெளியிலிருந்து அளப்பதில் பொருளே இல்லை.

மனச்சோர்வு தற்கொலைக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. அப்படியானால் யாருக்கு ஆபத்து அதிகம்? கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஹோல்டனும் உடன் பணிபுரிந்தவர்களும் மனவலியை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். மனச்சோர்வு, நம்பிக்கையின்மை இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், தற்கொலை எண்ணத்தோடு அந்த வலிக்குத் தனியான தொடர்பு இருப்பதை அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது, வலி எவ்வளவு, இன்னும் எத்தனை நாள் தாங்க முடியும் என்றும் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

வலி உச்சத்தில் இருக்கும்போது மனம் குறுகிவிடும். ஒன்று இந்த வலி, இல்லை சாவு, மூன்றாவது வழியே கண்ணில் படாது. கல்யாணமாகாமல் கருவுற்று, செத்துவிடுவதென்று முடிவுகட்டி வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் ஷ்னைட்மன் வாதாடவில்லை. காகிதத்தை எடுத்து, அவள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எழுதினார். அவள் எதையும் ஏற்கவில்லை. பிறகு அவற்றை வரிசைப்படுத்தித் தரச் சொன்னார். அவள் வரிசைப்படுத்தியபோது சாவு முதலிடத்தில் இல்லை. பிரச்சினை எதுவும் அன்று தீர்ந்துவிடவில்லை. வலி ஒரு படி இறங்கியது, உயிர் தங்கியது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உனக்கென்ன குறைச்சல்?" என்கிறோம். "புள்ளைங்க மொகத்தைப் பாரு" என்கிறோம். இரண்டாவதைச் சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மனச்சோர்வின் ஆழத்தில் இருக்கும் தாய்க்கு, தான் இல்லாமல் போனால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்றே தோன்றியிருக்கும். தான் எல்லோருக்கும் சுமை என்பது அந்நேரத்தில் அவளுக்குச் சத்தியம். அவளிடம் போய்ப் பிள்ளைகளைக் காட்டினால், இருக்கும் வலியோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

என் தோழியைத் திருப்பியது அவளுடைய மாமியார். மதுரைப் பக்கத்துக் கிராமத்து மனுஷி, படிப்பு இல்லாதவர். ராத்திரி மருமகள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் கேட்டிருக்கிறார்: "ஏத்தா, செத்துப் போயிரலாம்னு தோணுதா?" தோழி உடைந்து அழுதிருக்கிறாள். அந்தம்மா பதறவில்லை, திட்டவில்லை, சாமி சத்தியம் வாங்கவில்லை. விடியும்வரை பக்கத்திலேயே படுத்திருந்துவிட்டு, காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போயிருக்கிறார்.

அப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வு, அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த, தற்கொலைக்கு முயன்றிருந்த பிள்ளைகளுக்குக் கேள்வியால் சற்று ஆறுதல்கூடக் கிடைத்தது.

மனச்சோர்வுக்கான மாத்திரை நன்றாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், டாக்டர் சொல்லும் நாள்வரை. ஆனால் பலன் தெரியும்வரை அந்த வலியோடு யார் இருப்பது? உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அந்த ஐந்து இடங்களில் சென்னையும் கொழும்பும் உண்டு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போன் செய்தோ நேரில் போயோ, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சைக்கு மேல் அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்திருக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. ஒன்பது போன் அழைப்புகளுக்கு என்ன செலவாகும் என்று நம் மருத்துவமனைகளும் அரசும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் உங்கள் வீட்டில் யாராவது வலி வலி என்று சொன்னால், நம்புங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த வலி இருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. சொல்ல ஆள் இல்லையென்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது, ராத்திரி எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.