மேனி பேணலும் அறம் பேணலும்



இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. ஒருமுறை நுகர்ந்த அளவில் முடிவது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவ்விரண்டிற்கும் நாமே அளவு வகுத்துக்கொண்டு, அவ்வளவில் நிற்றலே இவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குமிடத்து, உணவு, ஊர்தி, படுக்கை ஆகியவற்றோடு நீராடலையும் மேனிப் பூச்சையும் மலரையும் சேர்த்தே எண்ணுகிறார். ஆகவே நம் அடுக்களை மட்டுமன்றிக் குளியலறை மாடமும் இவ்விரதத்தின் எல்லைக்குள் அடங்குவதே ஆகும்.

நாம் இதனை நெடுங்காலம் உணர்ந்தோமில்லை. நீரை வடிகட்டிப் பருகினோம். பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருந்தோம். தேனைத் தீண்டவும் அஞ்சினோம். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் அன்புடன் அளித்த சோப்புக் கட்டிகளை ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். மணம் மிக இனிதாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அதனால் நீராடித் தூய ஆடை உடுத்து ஜினாலயம் சென்று தொழுதோம். வேதியியல் பயிலும் நம் பேத்தி விடுமுறைக்கு வந்தபொழுது, அதன் உறையில் பொடி எழுத்தில் இருந்த ஒரு சொல்லைக் காட்டி, "பாட்டி, இது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டாள். 'சோடியம் டாலோவேட்' என்பது அச்சொல். மாட்டின் கொழுப்பையோ ஆட்டின் கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துச் செய்யப்படும் சோப்பின் பெயர் அது என்று அவள் விளக்கினாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நாம், நம் கையில் இருந்த உறையைப் படிக்கவில்லை. அன்று நாம் அடைந்த நாணத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

'நாம் கொல்லவில்லையே, கடையில் கிடைத்ததைத்தானே வாங்கினோம்' என்று மனம் வாதிடும். அறநூல் அவ்வாதத்தை ஏற்பதில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள். வாங்குவார் இல்லையேல் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்ற கருத்தைத் தேவர் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலேயே நிறுவியிருக்கிறார். வாயால் உண்ணும் ஊனுக்குச் சொன்ன அந்நீதி, தோலில் பூசும் கொழுப்பிற்கும் பொருந்தும். மேலும், உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்பொழுது, பிரமாதம் என்னும் சோர்வையே அதன் அடிப்படையாக வைக்கிறார். ஆராயாமை என்பதும் ஒரு சோர்வே.

ஆதலின் கடைக்குச் செல்லும் சிராவகி எவற்றை ஆராய வேண்டும்? முதலாவது, பொருளின் பிறப்பு. உறையில் 'டாலோ' என்ற சொல் வருமாயின் அது விலங்குக் கொழுப்பு. 'சோடியம் பாமேட்' என்பது பனைவகை எண்ணெயினின்றும், 'சோடியம் கோகோயேட்' என்பது தேங்காய் எண்ணெயினின்றும் வருவன. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரத்தினின்றும் வரலாம், விலங்கினின்றும் வரலாம். 'தாவரவகை' என்று எழுதியிருந்தாலன்றித் துணிதல் ஆகாது. லானோலின் என்பது ஆட்டு மயிரின் கொழுப்பு. உதட்டுச் சாயத்தில் காணும் 'கார்மைன்', அல்லது 75470 என்னும் நிற எண், கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சிகளைக் கொன்று உலர்த்தி எடுக்கும் சிவப்பு. 75170 என்னும் எண், மீன் செதிளினின்று பெறும் மினுமினுப்பு. தேன்மெழுகும் அரக்கும் சிற்றுயிர்களின் உழைப்பையும் உயிரையும் கவர்ந்து பெறுவனவே.

'இயற்கையானது', 'மூலிகை சேர்ந்தது' என்னும் சொற்களைக் கண்டு மயங்கற்க. கொச்சினீல் பூச்சியும் இயற்கையானதுதான்! அதுபோன்றே, பழமையானது அனைத்தும் தூயது என்று எண்ணுதலும் பிழை. நம் முன்னோர் காலத்து நறுமணப் பொருளாகிய புனுகு, பூனையைக் கூண்டில் அடைத்து அதன் சுரப்பியை வழித்தெடுப்பது. கஸ்தூரி, மானின் உயிருக்கு உலை வைத்தது. கஸ்தூரி மஞ்சளோ பெயரளவில் மட்டும் உறவு கொண்ட செடி. அதனை ஐயமின்றிக் கொள்ளலாம்.

இரண்டாவது, பொருளைச் சோதித்த முறை. 1944 முதல் பல ஆண்டுகள், அழகுப் பொருள்களை முயலின் கண்ணில் இட்டுப் புண்ணாகிறதா என்று பார்க்கும் சோதனை உலகெங்கும் நடந்துவந்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாறு சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை முற்றிலும் தடுத்தது. 2014இல் நம் நாடும் அழகுப் பொருள்களை விலங்குகளின்மீது சோதிப்பதைத் தடை செய்து, அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் விலக்கியது. 1974இல் நம் நாட்டில் தொடங்கப்பெற்றுப் பூனாவிலிருந்து பணியாற்றும் 'பியூட்டி வித்தவுட் குரூயல்டி' போன்ற அமைப்புகளின் உழைப்பை இங்கே நன்றியுடன் நினைத்தல் தகும். ஆயினும் ஒன்றை மறவற்க: உறையில் காணும் முயல் குறி, விலங்கின்மீது சோதிக்கவில்லை என்பதை மட்டுமே கூறும், விலங்குப் பொருள் கலக்கவில்லை என்று கூறாது. உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி கட்டாயம். சோப்பிலும் பற்பசையிலும் அதனை எல்லோரும் இடுவதில்லை. இருந்தால் நன்று, இல்லையேல் உறையைப் படித்தல் வேண்டும்.

மூன்றாவது, விலை. அகிம்சையின் பெயரால் பன்மடங்கு விலை வைத்து விற்கும் பொருள்களும் உண்டு. மாத வருவாயை எண்ணிச் செலவிடும் நம் குடும்பங்கள் அவற்றைக் கண்டு, 'அறம் செல்வர்க்கே உரியது போலும்' என்று சோர்ந்துவிடுதல் கூடாது. மலிவான சோப்புகளிலும் தாவர எண்ணெயால் ஆனவை உள. கொழுப்புப் பொருள் நூற்றுக்கு 76 பங்குக்குக் குறையாதது முதல்தரக் குளியல் சோப்பு. 70 இரண்டாம் தரம். 60 மூன்றாம் தரம். இவ்வெண் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வண்ண உறைக்கும் விளம்பரத்திற்கும் அன்றி, இவ்வெண்ணுக்கு விலை கொடுப்பது அறிவுடைமை. பாசிப்பயற்று மாவு, சீயக்காய், அரப்பு, வெந்தயம், ஆவாரம்பூ, தேங்காய் எண்ணெய் ஆகியவை நம் வீட்டிற்குப் புதியன அல்ல. நம் அன்னையர் இவற்றாலேயே குழந்தைகளைக் குளிப்பாட்டினர்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்டு முழுமைக்கும் ஒருங்கே அரைத்து வைத்த பயற்று மாவில் மழைக்காலத்தில் வண்டு பிறக்கும். அதனை அறியாமல் நீரில் குழைத்தால், சோப்பை விலக்கியும் ஹிம்சையை விலக்கினோம் அல்லோம். பயற்றை வெயிலில் நன்கு உலர்த்திச் சிறிது சிறிதாக அரைத்து, ஈரம் படாத கலத்தில் இட்டு, எடுக்குந்தோறும் சலித்துப் பார்த்துப் பயன்படுத்துக. யத்னாசாரம் என்னும் விழிப்பு இல்லாத இடத்தில் வீட்டுப் பொருளும் கடைப் பொருளும் ஒன்றே.

இவை யாவற்றினும் சிறந்தது, தேவையைக் குறைத்தல். நம் முனிவரர் நீராடாமையையும் பல் துலக்காமையையும் தம் இருபத்தெட்டு மூலகுணங்களில் கொண்டு ஒழுகுகின்றனர். அது இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டதன்று. எனினும் உபவாச நாளில் நீராடலும் நறுமணமும் மலரும் அஞ்சனமும் அணியும் விலக்குக என்று சமந்தபத்திரர் நமக்கே கூறியுள்ளார். மேனியழகு இல்லாமலும் ஒருநாள் வாழ இயலும் என்று உயிருக்குக் கற்பிக்கும் பயிற்சி அது. அப்பயிற்சி உடையார்க்குப் பத்துக் குப்பிகள் வேண்டியிருக்குமிடத்து மூன்று போதும். எஞ்சிய பொருள் தானத்திற்கு உதவும்.

மூத்தோர்க்கு ஒரு சொல். உதட்டுச் சாயம் பூசும் பேத்தியையும், விலையுயர்ந்ததை வாங்க இயலாத மருமகளையும் கடிந்துரைத்தல் வேண்டா. கடுஞ்சொல்லும் ஹிம்சையே. அவர்கள் அருகில் அமர்ந்து உறையைச் சேர்ந்து படியுங்கள். நமக்கு அறிவு கொளுத்தியவளே ஒரு பேத்திதான்.

எஞ்சியிருந்த அச்சோப்புக் கட்டிகளை நாம் பிறர்க்கு அளிக்கவில்லை. அளித்தால் அதுவும் செய்வித்தலாகும். மாலையில் பிரதிக்கிரமணம் செய்து, அறியாது செய்த பிழைக்கு வருந்தி, இனி உறையைப் படியாது ஒன்றும் வாங்குவதில்லை என்று நியமம் கொண்டோம். உறவினருக்கும் நன்றியோடு இச்செய்தியை எழுதினோம். அவரும் அடுத்த முறை தாவர எண்ணெய்ச் சோப்பையே தேடி வாங்கியதாக மறுமொழி விடுத்தார்.

இதனைப் படிக்கும் சிராவகியர் இன்றே தம் குளியலறை மாடத்தில் உள்ளவற்றை எடுத்து எண்ணுக. ஒவ்வொன்றின் உறையையும் படிக்க. ஐயத்திற்கு இடமான ஒன்றையேனும் இம்மூன்று திங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும், தேவையற்ற ஒன்றையேனும் முற்றிலும் விடவும் நியமம் கொள்க. சிறு நியமமும் தவறாது காக்கப்படின் வினையின் வரவைத் தடுக்கும் கதவாகும்.

நீரால் தூயதாவது உடல்; அருளால் தூயதாவது உயிர். உடலைத் தூய்மை செய்யும் முயற்சியில் உயிரை மாசுபடுத்தாதிருப்போமாக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!