வராத புயலுக்கு வெட்டிய கொப்பு

2020 டிசம்பர் 3ஆம் தேதி காலையில், எங்கள் புறவாசலில் நின்ற முருங்கையின் மூன்று பெரிய கொப்புகளை நான் வெட்டினேன். முந்தின இரவுதான் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையில் ஏறியிருந்தது. அடுத்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்றார்கள். கூடங்குளம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மறுநாள் திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களுக்கு அரசு விடுமுறையும் அறிவித்தாயிற்று.

புயல் வரவில்லை. மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, இராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்று கரைந்துவிட்டது. எங்களுக்குக் கொஞ்சம் மழை, கொஞ்சம் ஈரக்காற்று. புறவாசலில் மூன்று கொப்புகள் வாடிக் கிடந்தன.

நான் செய்தது தப்பா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முருங்கைக்கு இத்தனை யோசனையா என்று கேட்பவர்கள், வீட்டுத் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் காற்றுக்குப் பழகிய ஊர். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. மரங்களும் அந்தக் காற்றுக்கு ஏற்றபடியே கிழக்கே சாய்ந்து வளர்ந்திருக்கும். எங்கள் முருங்கையும் அப்படித்தான். ஆனால் கார்த்திகையில் வருகிற புயல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று மரத்துக்குத் தெரியாது. முருங்கை வேறு மெத்தென்ற மரம். ஈரத்தில் கனத்தால் தானாகவே முறியும். அது சாய்ந்து நின்ற பக்கத்தில் அடுத்த வீட்டுப் பழைய ஓட்டுக்கூரை. அதற்குக் கீழே பிள்ளை பெற்று இருபது நாள் ஆன பெண் படுத்திருந்தாள்.

அன்றைக்குச் செய்த மற்ற வேலைகள் எல்லாம் எளிது. குலை தள்ளியிருந்த வாழைக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கம்பு கொடுத்து, காற்றைப் பிடிக்கும் கீழ் இலைகளை அறுத்தேன். பப்பாளித் தண்டில் பலமே கிடையாது. அதனால் காய்களைப் பறித்துக் கூட்டு வைத்தேன். பீர்க்கம் பந்தலைக் கயிறு அவிழ்த்துத் தரையோடு தரையாக இறக்கினேன். பிச்சித் தொட்டிகள் அடுப்படிக்குள் வந்தன. கீரைப் பாத்தியில் தண்ணீர் நிற்காமல் இருக்க மண்வெட்டியால் வாய்க்கால் கீறினேன். விதைக்கு விட்டிருந்த சுரைக்காய் கட்டிலுக்கு அடியில் போயிற்று. காற்றில் பறந்து அடுத்தவர் மண்டையை உடைக்கக்கூடிய தகரம், வாளி, உடைந்த நாற்காலி எல்லாம் தொழுவத்துக்குள். கணவர் வளைகுடாவில். ஆள் கூப்பிட்டால் கூலி. அருவாள் வீட்டில் இருந்தது.

4ஆம் தேதி வெயில் அடித்ததும் கொழுந்தன் வந்து புறவாசலைப் பார்த்தார். “மைனி அருவா எடுத்தாவ, புயலு பயந்து ஓடிட்டு” என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

விளைவை வைத்துத்தான் செயலை அளக்க வேண்டும் என்றால், நான் செய்தது முட்டாள்தனம். புயல் வந்திருந்தால் அதே வெட்டு அதே ஆட்களிடம் புத்திசாலித்தனம் என்று பேர் வாங்கியிருக்கும். இரண்டிலும் என் கை செய்தது ஒன்றே, நான் அறிந்திருந்ததும் ஒன்றே. வித்தியாசம் கடலுக்கு மேலே எங்கோ நடந்தது. அதை என் தலையில் ஏற்றுவதில் நியாயமில்லை. வீட்டில் பெண் செய்கிற முன்னெச்சரிக்கை வேலைகளில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்டவைதான். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததால், செய்ததே தெரியாது. தெரிந்துவிட்டால் கேலி.

‘வராத புயல்’ என்பதும் எங்கள் தெருவின் பேச்சுதான். அது கொண்டுவந்த மழையில் சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது நிலைமை தலைகீழ். புயலென்று அறிவித்த நேரத்தில் எத்தனையோ படகுகள் ஏற்கெனவே கடலுக்குள் இருந்தன. கன்னியாகுமரியில் வாழையும் ரப்பரும் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்த எனக்கு, அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ய மனம் வராது.

இந்த ஊரில் பயத்தைப் பற்றிப் பேசினால் அணுமின் நிலையத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011இலும் 2012இலும் இடிந்தகரைப் பந்தலில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய அச்சத்துக்குப் பதில் சொல்வதற்கு மத்திய அரசு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களின் உதவியை நாடியது. அணு உலை பற்றி ஒருவர் என்ன நினைத்தாலும் சரி, கேள்வி கேட்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டதை நான் மறப்பதாக இல்லை. “உங்களுக்குத் தெரியாது, உங்கள் நல்லதுக்குத்தான்” என்ற பேச்சு அது.

இதுவரை எழுதியதெல்லாம் எனக்குச் சாதகமான பகுதி.

அந்த முருங்கை என்னுடையது அல்ல. மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்த புதிதில் நட்டது. முருங்கைக்காயும் கீரையும் கடையில் போட்டு வருகிற காசுதான், யாரிடமும் கணக்குச் சொல்லாமல் அவர் கையில் புரண்ட காசு. 2018இல் கஜா புயலில் விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் தருவதாக அரசு அறிவித்தது. புறவாசல் முருங்கைக்கு எந்தத் தாசில்தார் கணக்கெடுப்பார்? சட்டப்படி நிலம் மாமனார் பேரில். மரம் மாமியாருடையது என்பதற்கு அவர் ஊற்றிய தண்ணீர்தான் பத்திரம்.

அன்று அவர் வள்ளியூரில் மகள் வீட்டில் இருந்தார். என் கையில் போன் இருந்தது. பேசியிருக்கலாம். பேசவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அப்புறம் வெட்ட முடியாது என்று நினைத்தேன். அவருக்கு வானிலை அறிக்கை புரியாது என்றும் நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் திரும்பி வந்தவர் நேரே புறவாசலுக்குப் போனார். வெகுநேரம் நின்றார். அழவில்லை, ஏசவில்லை. “என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா பிள்ள?” என்று மட்டும் கேட்டார்.

பிள்ளை பெற்றவள் கூரையைச் சொன்னேன். காற்றின் திசையைச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. வெட்டியதற்கு என்னிடம் காரணம் இருந்தது, கேட்காமல் வெட்டியதற்கு இல்லை. ‘ஒடித்து வளர்க்காத முருங்கை உருப்படாது’ என்று பழமொழி பேசித் தப்பிக்கவும் பார்த்தேன். அந்தப் பழமொழியின் மறுபாதி பிள்ளையை அடிப்பதைப் பற்றியது என்பது வாயில் வந்த பிறகுதான் உறைத்தது.

முருங்கை மறுபடி துளிர்த்தது, துளிர்க்கும் மரம்தான். அந்த ஆண்டுக் காய்ப்பு போனது போனதுதான். அதற்கு ஈடாக நான் கொடுத்த பணத்தை மாமியார் வாங்கிக்கொள்ளவில்லை. வெட்டிய கொப்புகளில் ஒன்றை இரண்டு முழத்துக்குத் தறித்து, வேலி ஓரத்தில் அவரே நட்டார். அதுவும் பிடித்துக்கொண்டது.

இப்போது ஐப்பசி பிறந்ததும் நாங்கள் இருவரும் மரத்தடியில் நிற்கிறோம். அருவாள் என் கையில், கம்பு அவர் கையில். எது போகலாம் என்று கம்பால் காட்டுவார். போன ஐப்பசியில் குளியலறைத் தகரத்துக்கு மேலே நீண்டிருந்த கொப்பை நான் காட்டினேன். முறிந்தால் தகரம் போகும் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். அதில் பூ விட்டிருந்தது.

“தகரம் போனா போட்டுக்கிடலாம். அது கெடக்கட்டும்” என்றார். அருவாளைத் தாழ்த்தினேன்.