தட்டு பறந்த நாள்

அப்பா தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். நெருப்பை அணைத்ததைவிடக் கிணற்றில் இறங்கியதுதான் அதிகம். விழுந்த ஆட்டையும் மாட்டையும் கயிறு கட்டித் தூக்குவார். சில நாள் பெண்களை. பெண்ணைத் தூக்கிய நாளில் கொல்லையிலேயே குளிப்பார், சாப்பிட மாட்டார். அம்மா எதுவும் கேட்க மாட்டாள். (அப்பாவுக்கு ‘ஆர்’, அம்மாவுக்கு ‘ஆள்’, இப்போதும் எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது.) எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரசம் மட்டும் வைத்துவிட்டு, அவர் எழுந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள். தட்டு பறந்த நாளும் உண்டு. “வேலைல எதையோ பாத்துட்டு வந்திருக்கார்டி” என்பாள்.

ஹெல்மெட்டும் பூட்ஸும் அரசாங்கம் கொடுத்தது. மனசை அம்மா பார்த்துக்கொண்டாள். ஆலோசகரிடம் போ என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார். ஆம்பளை, அதுவும் சீருடை போட்ட ஆம்பளை.

ஆர்லி ஹாக்சைல்ட் 1983இல் எழுதிய புத்தகத்தில், விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகச் சிரிப்பதை உணர்வு உழைப்பு என்றார். கல்லூரியில் அதைப் படித்தபோது அம்மா ஞாபகம்தான் வந்தது. கூடவே கோபமும்: அன்புக்குப் போய் உழைப்பு என்று பெயரா? இப்போது அந்தக் கோபம் இல்லை. ‘இன்றைக்கு என்னால் முடியாது’ என்று அம்மா ஒரு நாளாவது சொல்ல முடிந்திருந்தால் அதை அன்பு என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

தட்டு விஷயம்தான் இன்னும் தீரவில்லை. அவர் ஏன் எறிந்தார் என்று எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டால் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா? பெண்கள் ஏன் கிணற்றைத் தேடிப் போகிறார்கள் என்று எங்கள் தெருவில் அவரைவிட அறிந்தவர் யார்? அப்படி ஒருத்தியைத் தூக்கிக் கிடத்திவிட்டு வந்த கையால்தான் இன்னொருத்தியின் முன்னால் தட்டை எறிந்தார்.

2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத் தீயில் பிரியா படுகாயம் அடைந்தார். உடன் சென்ற வீரர் ஒருவர் இறந்தார். செய்தியைப் படித்தபோது முதலில் தோன்றியது இதுதான்: இந்த வேலையிலிருந்து வீடு திரும்பும் பெண்ணுக்காக யார் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்? ரசத்தையும் அவளே வைக்க வேண்டியிருக்குமோ?

அப்பா போன பிறகு அம்மாவிடம் தட்டைப் பற்றிக் கேட்டேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “அந்தப் பொண்ணுங்க பேரையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”